உன் நல்லதுக்குத்தான்: அமெரிக்கச் சிறார் நீதிமன்றங்களில் பால்புதுமையர் பிள்ளைகள்

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளை யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. பெரும்பாலும் ஏதாவது ஒன்றைப் பறிப்பதற்கு முன்னால்தான் அது வரும். விளையாட்டு, சிநேகிதம், ஆசைப்பட்ட படிப்பு. சொல்பவர் பொய் சொல்வதில்லை. நிஜமாகவே நல்லது என்று நம்பித்தான் சொல்கிறார். எதிர்த்துப் பேச வழியில்லாமல் போவதும் அதனால்தான்.

கொஞ்ச நாளாக அமெரிக்கச் சிறார் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்துக் குறிப்பெடுத்துக்கிட்டு இருக்கேன். குறிப்பாக, எல்ஜிபிடிக்யூ பிள்ளைகளுக்காக வக்கீல்கள் நடத்திய வழக்குகள். ஆரம்பத்தில் நான் தேடியது ஒரு சாதாரணப் பட்டியல்: எந்த வருஷம், எந்த மாநிலம், என்ன உரிமை கிடைத்தது. படிக்கப் படிக்க அந்தப் பட்டியல் பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு வழக்கிலும் அரசுத் தரப்பு சொன்ன பதில் அதே வாக்கியமாக இருந்ததுதான் காரணம். அடைத்து வைத்தோம், அவன் நல்லதுக்குத்தான். உடையைப் பிடுங்கினோம், அவள் பாதுகாப்புக்குத்தான். இந்தப் பிள்ளைகளுக்காக வாதாடியவர்களின் சாமர்த்தியத்தையும், அவர்கள் கொடுத்த விலையையும் இந்த ஒரு இடத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரெண்டு சொல் விளக்கம் முதலில். எல்ஜிபிடிக்யூ என்று ஒவ்வொரு தடவையும் எழுதாமல், தமிழில் இப்போது புழங்கும் 'பால்புதுமையர்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். 'ஃபாஸ்டர் கேர்' என்பது, பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளையை அரசு தன் பொறுப்பில் எடுத்து, வேறொரு குடும்பத்திலோ குழு இல்லத்திலோ வைத்து வளர்ப்பது. சிறார் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டு நிற்பது வேறு விவகாரம். இப்படிக் காகிதத்தில் இரண்டும் தனித்தனி. நடப்பில் ஒரே பிள்ளை இரண்டிலும் மாட்டும். வீட்டிலிருந்து துரத்தப்படும், இல்லத்தில் அடிபடும், அங்கிருந்து ஓடும், ஓடியதற்காகவே கோர்ட்டில் நிற்கும். வீட்டை விட்டு ஓடுவதும் பள்ளிக்கு மட்டம் போடுவதும் பெரியவர்களுக்குக் குற்றமில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் அது கோர்ட் சமாச்சாரம். இதற்காகப் பிள்ளைகளை அடைக்கும் மாநிலத்துக்கு நிதியில் கை வைப்போம் என்று மத்திய அரசு 1974ல் சட்டம் போட்டது. 1980ல் அதில் ஒரு ஓட்டை விழுந்தது. "ஓடாதே" என்று நீதிபதி முதலில் உத்தரவு போட்டுவிட்டால், அந்த உத்தரவை மீறியதற்காக அடைக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

வக்கீல் எதற்கு?

கதை 1964ல், அரிசோனா மாநிலத்தின் குளோப் என்ற சின்ன ஊரில் தொடங்குகிறது. ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயசுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசினான் என்று புகார். அப்பா அம்மா வேலைக்குப் போயிருந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. விசாரணைக்குப் புகார் கொடுத்தவர் வரவில்லை. வக்கீல் கிடையாது. என்ன பேசினார்கள் என்பதற்கு எழுத்துப் பதிவும் கிடையாது. முடிவில், 21 வயசு வரை சீர்திருத்தப் பள்ளி. அதே காரியத்தை ஒரு பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், இல்லையென்றால் அதிகபட்சம் இரண்டு மாசம் ஜெயில்.

இது ஏதோ ஒரு கொடுமைக்கார நீதிபதியின் வேலை இல்லை. 1899ல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் வந்தபோதே இதற்கான நியாயமும் கூடவே வந்துவிட்டது. இங்கே தண்டனை கிடையாது, சீர்திருத்தம்தான். அரசு தாய் தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறது. தாய் தகப்பனிடம் பேச ஒரு பிள்ளைக்கு எதற்கு வக்கீல்? 1967ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த நியாயத்தை உடைத்தது. பிள்ளையின் சுதந்திரத்தைப் பறிக்கும் விசாரணை என்றால் வக்கீல் வேண்டும், குற்றச்சாட்டு இன்னதென்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் தர வேண்டும், வாய் திறக்காமல் இருக்கும் உரிமையும் வேண்டும் என்றது.

கால்ட் வழக்குக்கும் பால்புதுமையருக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நல்லெண்ணம்' என்பது சட்டத்துக்குப் பதிலாக நிற்க முடியாது என்று உரக்கச் சொன்ன தீர்ப்பு இது. பின்னால் வந்த வக்கீல்கள் எல்லாரும் இதன் மேல் ஏறி நின்றுதான் பேசினார்கள்.

ஒரு ஸ்கர்ட்டுக்காக

இரண்டாவது வழக்கு 2003 ஜனவரி, நியூயார்க். டோ எதிர் பெல். டோ என்பது அடையாளத்தை மறைக்கக் கோர்ட் தந்த பெயர். 17 வயசுத் திருநங்கை. ஒன்பது வயசிலிருந்து ஃபாஸ்டர் கேரில் இருந்தவர். ஆண்பிள்ளைகளுக்கான குழு இல்லத்தில் வைத்திருந்தார்கள். வேறு சில பெண் உடைகளை அனுமதித்த இல்லம், ஸ்கர்ட்டும் கவுனும் மட்டும் கூடவே கூடாது என்றது. காரணம்? மற்ற பிள்ளைகள் சீண்டுவார்கள், இல்லத்தில் குழப்பம் வரும், பாதுகாப்புப் பிரச்சினை. நீதிபதி லூயிஸ் கேன்ஸ் இதை ஏற்கவில்லை. ஏற்கெனவே அனுமதித்த உடைகளைவிட ஒரு ஸ்கர்ட் எந்த வகையில் ஆபத்து என்று இல்லத்தால் விளக்க முடியவில்லை. டோ ஜெயித்தார்.

எப்படி ஜெயித்தார் என்பதில்தான் எனக்கு உறுத்தல். தீர்ப்பு நின்றது ஊனமுற்றோர் பாதுகாப்பின் மேல். டோவுக்கு 'பாலின அடையாளக் குறைபாடு' இருப்பதாக மனநல மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெண் உடை உடுத்துவது அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதி என்றும் சொல்லியிருந்தார்கள். நியூயார்க் மாநில மனித உரிமைச் சட்டத்தில் 'ஊனம்' என்பதற்கான வரையறை அகலமானது. எனவே இது ஊனம், இல்லம் அதற்கு ஏற்ப இடம் கொடுத்தாக வேண்டும் என்பது தீர்ப்பு. மத்திய அரசின் ஊனமுற்றோர் சட்டத்தில் இந்த வழியும் இல்லை. பாலின அடையாளச் சிக்கல்களை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே வெளியே தள்ளியிருந்தது.

அதாவது, அந்தப் பெண் ஒரு ஸ்கர்ட் உடுத்த வேண்டுமென்றால் முதலில் நோயாளி ஆக வேண்டியிருந்தது. மருத்துவரிடம் போக வழியில்லாத பிள்ளைக்கும், போக விருப்பமில்லாத பிள்ளைக்கும் இந்தத் தீர்ப்பில் ஒன்றுமில்லை.

வக்கீல்களைக் குறை சொல்வது சுலபம். அன்றைய நிலைமையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது. தீர்ப்புக்குச் சில வாரம் முன்னால், 2002 டிசம்பரில்தான் நியூயார்க் மாநிலம் பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. பல வருஷப் போராட்டம். ஆனால் அந்தச் சட்டம் நிறைவேற வேண்டுமென்று திருநர்களை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பாலின அடையாளம் மாநிலச் சட்டத்தில் வெளிப்படையாக ஏறியது 2019ல்தான். இடைப்பட்ட 16 வருஷம் அந்தப் பிள்ளைகள் எங்கே போவது? இயக்கம் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு, வக்கீல்கள் கையில் கிடைத்த சட்டத்தை வைத்து ஒரு வழி பண்ணிக் கொடுத்தார்கள். அந்த வழிக்குள் நுழையத் தலையைக் குனிய வேண்டியிருந்தது என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹவாய்: பாதுகாப்பு என்ற தனியறை

மூன்றாவது, 2006 பிப்ரவரியில் ஹவாய் மத்திய நீதிமன்றம் கொடுத்த உத்தரவு. ஆர்.ஜி. எதிர் கொல்லர். வழக்குப் போட்டவர்கள் ஹவாய் மாநிலச் சிறார் சீர்திருத்த நிலையத்தில் இருந்த மூன்று பேர். ஒருவர் லெஸ்பியன் பெண், ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று மற்றவர்களால் கருதப்பட்ட பையன், ஒருவர் திருநங்கை. மூவருக்கும் இனிஷியல் மட்டும்தான். சிவில் உரிமைச் சங்கமான ஏ.சி.எல்.யு.வின் ஹவாய்க் கிளை அவர்களுக்காக நின்றது.

அடி, மிரட்டல், ஓயாத கேலி எல்லாம் இந்த வழக்கில் உண்டு. அதைவிட என்னை நிறுத்தியது நிர்வாகம் அதற்குக் கண்டுபிடித்த தீர்வு. சீண்டுகிறவர்களை விட்டுவிட்டு, சீண்டப்படுகிற பிள்ளையைத் தனியறையில் அடைத்தார்கள். இது தண்டனை இல்லை, பாதுகாப்பு என்றார்கள். அந்தத் திருநங்கையை முதலில் பெண்கள் பிரிவில் வைத்திருந்து, பிறகு மருத்துவ ஊழியர்கள் வேண்டாம் என்று சொல்லியும் ஆண்கள் பிரிவுக்கு மாற்றினார்கள்.

நீதிபதி மைக்கேல் சீப்ரைட் எழுதிய உத்தரவு ஏன் முக்கியம் என்றால், அவர் சிறார் நீதிமன்றத்தின் பழைய நியாயத்தையே எடுத்து நிர்வாகத்தின் பக்கம் திருப்பினார். பெரியவர்களின் சிறை என்றால், கொடூரமான தண்டனை கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம்தான் அளவுகோல். அது ரொம்பக் கஷ்டமான அளவுகோல். இந்தப் பிள்ளைகள் சட்டப்படி தண்டனைக் கைதிகள் இல்லை. சீர்திருத்தத்துக்காக வைக்கப்பட்டவர்கள். அப்படியானால் இவர்களைத் தண்டிக்கவே கூடாது. பாதுகாப்பான சூழல் கேட்க இவர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. பிள்ளையைத் தனியறையில் அடைப்பது, என்ன பெயர் வைத்தாலும், தண்டனைதான். கொள்கை இல்லை, ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லை, போதுமான மேற்பார்வை இல்லை, குறை சொல்ல ஒழுங்கான ஏற்பாடு இல்லை, யாரை எங்கே வைப்பது என்று பிரிக்க ஒரு முறையும் இல்லை. ஆகவே அரசியல் சட்டம் மீறப்பட்டிருக்கிறது.

நீங்கள்தானே தாய் தகப்பன் என்றீர்கள், அப்போ அப்படி நடந்துக்குங்க. சுருக்கமாக அவ்வளவுதான் அந்த உத்தரவு. டோவின் வழக்கோடு ஒப்பிட்டால் இங்கே யாரும் நோயாளி ஆக வேண்டியிருக்கவில்லை. 'பிள்ளை', 'உங்கள் காவலில் இருக்கும் பிள்ளை' என்பதே போதுமானதாக இருந்தது. நான் படித்ததில் இதுதான் ஆகச் சிறந்த வாதம். பால்புதுமையருக்குத் தனிச்சலுகை எதுவும் கேட்காமல், எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதை இவர்களுக்கும் கொடு என்று கேட்ட வாதம்.

இதன் விளைவு ஹவாயோடு நிற்கவில்லை என்று சொல்லலாம். சிறைகளில் பாலியல் வன்முறையைத் தடுக்க 2003ல் வந்த மத்தியச் சட்டத்துக்கு 2012ல்தான் விதிகள் எழுதினார்கள். சிறார் நிலையங்களுக்கான விதியில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கிறது. பால்புதுமையர் என்ற ஒரே காரணத்துக்காகத் தனிப் பிரிவிலோ தனிப் படுக்கையிலோ வைக்கக் கூடாது. மற்றவர்களை அவர்கள் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவார்கள் என்று அந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாதுகாப்புக்காகத் தனிமைப்படுத்துவது என்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது, வேறு வழி கிடைக்கும் வரைக்கும் மட்டும்தான்.

ஓர் அறிக்கை, அதன் பலமும் பலவீனமும்

2009ல் ஈக்விட்டி ப்ராஜெக்ட் என்ற கூட்டு முயற்சி சிறார் நீதிமன்றங்களில் பால்புதுமையர் பிள்ளைகள் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. 'மறைந்திருக்கும் அநீதி' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நீதிபதிகள், வக்கீல்கள், நன்னடத்தை அதிகாரிகள், சிறார் தடுப்பு மைய ஊழியர்கள் என்று 414 பேரிடம் கேள்வித்தாள். 65 பேரிடம் நேர்காணல். இந்த அமைப்புக்குள் இருந்து வந்த 55 இளைஞர்களிடம் பேச்சு. இந்தத் துறையில் எதைப் படித்தாலும் இந்த அறிக்கை எதிரில் வரும். வரவும் வேண்டும்.

அதன் பலம், கோர்ட்டுக்கு வருமுன் நடப்பதையும் சேர்த்துப் பார்ப்பது. வீட்டில் சண்டை, பள்ளியில் அடி, ஓட்டம், தெருவில் பிழைக்கச் செய்த சின்னத் திருட்டு. கோர்ட் பார்ப்பது கடைசி வரியை மட்டும். "வீட்டுக்குப் போ, அப்பா அம்மா சொல் கேள்" என்று நல்லெண்ணத்தோடு உத்தரவு போடும் நீதிபதிக்கு, அந்த வீடுதான் பிரச்சினை என்பதே தெரியாது. பிள்ளை சொல்லாது. சொன்னால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்.

பலவீனமும் அங்கேயேதான். பரிந்துரைகளில் பெரும்பங்கு பயிற்சி கொடுங்கள், கொள்கை எழுதுங்கள் என்று போகிறது. ஹவாயில் இரண்டுமே இல்லாமல் இருந்தது உண்மைதான். ஆனால் பயிற்சி பெற்ற ஒரு நல்ல மனிதர் அதே கதவைப் பூட்டுவதையும் கற்பனை செய்ய முடிகிறதே? சரியான சொற்களைப் பேசிக்கொண்டே, "உன் நல்லதுக்குத்தான்" என்று பூட்டுவார். வார்த்தை மாறலாம். சாவி யார் கையில் என்பது மாறாது. இந்த அமைப்பைத் திருத்தி எடுக்கலாம் என்று அறிக்கை நம்புகிறது. பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் அமைப்பையே, குறிப்பாகக் கறுப்பினக் குடும்பங்கள் மேல் அது விழும் விதத்தை, அடியோடு கேள்வி கேட்கிறார் சட்ட அறிஞர் டோரதி ராபர்ட்ஸ். ரெண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்தப் படம் முழுசாகும். 2014ல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபாஸ்டர் கேர் இளைஞர்களிடம் வில்லியம்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்திய ஆய்வில் சுமார் 19 சதவீதம் பேர் பால்புதுமையர். வெளியே இருப்பதைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லாதவர்கள். அதனால் பால்புதுமையர் பிரச்சினை, நிறப் பிரச்சினை என்று இரண்டு கோப்பாகப் பிரித்து வைக்க முடியாது.

வக்கீல் யாருக்காகப் பேசுகிறார்?

இப்போ கால்ட் தீர்ப்புக்குத் திரும்பலாம். அது வக்கீல் கொடுத்தது குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கு. ஃபாஸ்டர் கேரில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. 1974ல் வந்த இன்னொரு மத்தியச் சட்டம், வதை, புறக்கணிப்பு வழக்குகளில் பிள்ளைக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்கிறது. ஆனால் அவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலராகவும் இருக்கலாம். அவர் பேச வேண்டியதும் பிள்ளையின் 'நலன்' என்ன என்பதை. பிள்ளை என்ன கேட்கிறது என்பதை அல்ல. சில மாநிலங்கள் பிள்ளை சொல்கிறபடி வாதாடும் வக்கீலைத் தருகின்றன, சில தருவதில்லை. யோசித்தால் விசித்திரம்தான்: ஒரு கடையில் திருடிய பிள்ளைக்கு, தான் சொல்வதைக் கேட்டு வாதாடும் வக்கீல் உண்டு. எந்தத் தப்பும் செய்யாமல் வீடு இழந்த பிள்ளைக்கு நிச்சயம் இல்லை.

பால்புதுமையர் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் வாழ்வா சாவா மாதிரி. தான் யார் என்பதை அது தன் வக்கீலிடம் சொன்னால் ரகசியம் காக்கப்படும். 'நலன்' பார்க்கும் பிரதிநிதியிடம் சொன்னால், நல்லெண்ணத்தோடு அவர் அதை அறிக்கையில் எழுதிவிடலாம். அறிக்கை கோர்ட்டுக்குப் போகும், அங்கிருந்து அப்பாவின் கைக்கும் போகலாம். கோப்பில் எழுதுவதா வேண்டாமா என்பதில் அரசுக்கே தடுமாற்றம். ஃபாஸ்டர் கேர் புள்ளிவிவரத்தில் பாலீர்ப்பையும் கேட்க வேண்டும் என்று 2016ல் மத்திய அரசு விதி போட்டது, 2020ல் எடுத்துவிட்டது. எண்ணாவிட்டால் இவர்கள் இருப்பதே தெரியாது என்பது நியாயம். ஆனால் எண்ணும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் அது எழுதப்படும் என்பதும் பயம். இதில் எனக்குச் சுலபமான பதில் இல்லை. அந்தப் பிள்ளையிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்பது மட்டும் உறுதி.

2021ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஃபுல்டன் எதிர் ஃபிலடெல்ஃபியா வழக்கைப் பாருங்கள். தன்பால் தம்பதிகளை வளர்ப்புப் பெற்றோராகச் சான்றளிக்க மாட்டோம் என்றது ஒரு கத்தோலிக்க அமைப்பு. அப்படியானால் ஒப்பந்தம் இல்லை என்றது நகராட்சி. ஒன்பது நீதிபதிகளும் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நகராட்சியின் ஒப்பந்தத்திலேயே விதிவிலக்கு தரும் அதிகாரம் இருந்ததால், மதக் காரணத்துக்கு மட்டும் மறுக்க முடியாது என்பது தர்க்கம். அமைப்பு பேசியது, நகராட்சி பேசியது, வளர்ப்புத் தாய்மார்கள் பேசினார்கள். பிள்ளைகளின் நலன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வழக்கின் இரு தரப்பிலும் பிள்ளைகள் கட்சிக்காரர்கள் இல்லை.

அதனால்தான் எனக்கு அந்த ஸ்கர்ட் வழக்கு, அதன் எல்லாக் குறைகளோடும், மனசில் நிற்கிறது. ஊனம் என்ற சொல் பிடிக்கவில்லை. மருத்துவச் சான்றிதழ் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பில், பெயர் மறைக்கப்பட்ட ஒரு 17 வயசுப் பெண், தனக்கு என்ன வேண்டும் என்று தானே கேட்டது பதிவாகியிருக்கிறது. வக்கீல் அதை மாற்றிச் சொல்லவில்லை. நீதிபதி அதைக் கேட்டார்.

இனி இந்த மாதிரி ஒரு தீர்ப்போ, அறிக்கையோ, கொள்கையோ கண்ணில் பட்டால் ஒரே ஒரு இடத்தைத் தேடிப் பாருங்க. பிள்ளையின் நலன் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டாம், அது எல்லாத்திலயும் நிறைய வரும். பிள்ளை என்ன கேட்டது என்று எங்கேயாவது எழுதியிருக்கா? இல்லையென்றால், மறுபடி யாரோ ஒருத்தர் "உன் நல்லதுக்குத்தான்"ன்னு சொல்லிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்.